திருந்தா மொழி என்றவர் யார்?

மொழி வரலாறு படித்த தோழர்கள் எல்லோரும் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்திருப்பர். திராவிட மொழிகள் இருவகை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள். தோடம், கோத்தம், கோண்டி, கூ, ஒராவோன், இராசமகால் ஆகிய ஆறும் திருந்தா மொழிகள். எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எழுதிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். திருந்தாதது மொழியா, அதைப் பேசும் மனிதனா? திருந்தவில்லை என்று தீர்ப்பளித்தவர் யார்? எந்த மன்றத்தில், எவருடைய சாட்சியத்தை வைத்து? இந்த வினாக்களை வினாத்தாள் கேட்பதில்லை. ஆகவே நாமும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியவர்கள் நாம். ஏனெனில் மொழியின் பெயரால் மனிதனைத் தாழ்த்துவது எத்தகைய கொடுமை என்பதை உணர்ந்து எழுந்த நாடு இது. 1938-இல் சிறை புகுந்தோம். 1965-இல் துப்பாக்கியின் முன் நின்றோம். கொங்கு மண்ணிலே பொள்ளாச்சித் தெருக்கள் அந்தப் பிப்ரவரியில் இரத்தம் கண்டன. அந்தப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் மேலே தெரிகின்ற மலைகளில் வாழ்வோர் பேசும் மொழிகளைப் பற்றிய நூல்களைத்தான் இந்தத் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டேன். நூல்களை மட்டுமல்ல; நூல் செய்தாரையும், நூலுக்குச் செய்தி தந்தாரையும், அந்நூல்களைப் படிக்காமலே தீர்ப்புக் கூறும் நம்மையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்கிறேன்.

முதலில் கால்டுவெல். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. வடமொழியின் வயிற்றில் பிறந்தவை தென்மொழிகள் என்ற கதையை, எல்லிசுக்குப் பின் சான்றுகளை அடுக்கி, 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதி உடைத்தெறிந்தவர் அவர். 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மேற்சொன்ன பன்னிரண்டையும் அவர் ஆறாறாகப் பிரித்தார். எழுத்தும் ஏட்டிலக்கியமும் உடையவை ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம். அவர் ஆண்ட ஆங்கிலச் சொல்லுக்கு உழாத நிலம், பண்படுத்தாத நிலம் என்ற பொருள் உண்டு. அதுவே மதிப்புக் குறைவான சொல்தான். ஐரோப்பியப் பாதிரியாரின் அக்காலக் கண் அதில் தெரிகிறது. ஆயினும் உழாத நிலம் உழவனுக்குக் காத்திருக்கும் நிலம். அதன்மீது குற்றம் இல்லை. தமிழாக்கிய நம் புலவர் பெருமக்களோ அதைத் 'திருந்தா' மொழி என்றனர். திருந்தாதவன் என்று நாம் யாரைச் சொல்வோம்? சொல்லியும் கேளாதவனை, அடித்தும் மாறாதவனை. உழாமையைக் குற்றமாக்கியது மொழிபெயர்ப்பு. கால்டுவெல் தந்த பட்டியலில் அவர் தராத வசை ஒன்றை நம் கையால் சேர்த்துக்கொண்டோம்.

சரி, அந்த நிலம் உழப்படாததுதானா?

1935-இல் மறே எமனோ என்ற கனடா நாட்டறிஞர் நீலகிரிக்கு வந்தார். வடமொழி கற்றவர், ஆனால் அமெரிக்கத் தொல்குடிகளின் மொழிகளை வாய்மொழியாகக் கேட்டு எழுதும் முறையை எட்வர்டு சாப்பீரிடம் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஏடு இல்லாத மொழிக்கு எப்படி இலக்கணம் காண்பது என்பதைச் சாப்பீர் கற்றுத்தந்தார். எங்கே போய்க் காண்பது என்பதற்கும் அவரே வழி சொன்னார். 1938 வரை எமனோ இந்தியாவில் தங்கினார். அந்த மூன்றாண்டுச் செல்வத்தை வைத்து வாழ்நாள் முழுவதும் எழுதினார்: கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை பகுதி பகுதியாக வந்தன, தோடர் பாடல்கள் 1971-இல், தோட இலக்கணம் 1984-இல். நூற்றொரு வயது வாழ்ந்து 2005-இல் மறைந்தார்.

தோடர் பாடல்கள் என்ற அந்த நூல் ஆயிரம் பக்கத்தை ஒட்டியது. ஏறத்தாழ 2,000 பேரே உள்ள ஒரு மக்களின் பாட்டுகள் இருநூறுக்கு மேல் அதில் உள்ளன. அவற்றை ஆராய்ந்து எமனோ கண்ட செய்யுள் முறை வியப்புக்குரியது. தோடர் பாட்டில் எதையும் தனியே சொல்லிவிட முடியாது. ஒன்றைச் சொன்னால் அதன் இணையையும் சொல்லியாக வேண்டும். எந்தத் தொடருக்கு எந்தத் தொடர் இணை என்பது மரபால் வரையறுக்கப்பட்டது. எருமைக்கும், தொழுவுக்கும், மந்துக்கும், சாவுக்கும், மணத்துக்கும், வெள்ளைக்கார அதிகாரியின் வருகைக்கும்கூட இணைத்தொடர்கள் உண்டு. இந்த விதியைக் கைக்கொண்டு, நேற்று நடந்த நிகழ்ச்சியை இன்று பாட்டாகக் கட்டுவர்; கட்டுவோர் தனிப்பட்ட புலவர் சாதியினர் அல்லர்; ஆணும் பெண்ணும் ஆகிய பொதுமக்களே. யாப்பிலக்கணம் என்பது ஏட்டில் எழுதப்பட்டால்தான் இலக்கணமா? சீரும் தளையும் எண்ணத் தெரிந்த நம் புலவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தால் 'திருந்தா' என்ற அடைமொழி அன்றே செத்திருக்கும்.

ஒலியைப் பாருங்கள். தோட மொழியில் சீற்றொலி மட்டும் நான்கு வகை. நாநுனி அதிரும் ரகரம் மூன்று இடங்களில் பிறக்கிறது. உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் அளந்த பீட்டர் லடிஃபோகெட், பெரி பாஸ்கரராவ் போன்றோர் கருவிகளோடு தேடிப் போய் ஆராய்ந்த ஒலிகள் அவை.

கோத்தம் இன்னொரு பாடம் தருகிறது. நாம் செவி என்கிறோம். கன்னடர் கிவி என்கின்றனர். கோத்தர் கெவ் என்கின்றனர். இகர எகரத்துக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று. கன்னடத்திலும் கோத்தத்திலும் ககரமாகவே நின்றது. இது ஒப்பிலக்கணத்தார் ஐயமின்றி நிறுவிய செய்தி. ஆக, இந்தச் சொல்லில் மூல ஒலியைக் காத்தது மலைமொழி. மாறியது நம் மொழி. இதைத் திருந்துதல் என்பதா, திரிதல் என்பதா? இரண்டும் அல்ல, மொழிகள் மாறும், அவ்வளவே. ஆனால் மாறியவனுக்குத் திருந்தியவன் என்று பட்டம், காத்தவனுக்குத் திருந்தாதவன் என்று பட்டமா? பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ்ச் சொல்லுக்கு அருகே தோடச் சொல்லும் கோத்தச் சொல்லும் வரிசை வரிசையாக நிற்கின்றன. மேடையேறித் தமிழின் தொன்மையை நாம் முழங்கும்போது, நமக்காகச் சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் இந்த மலைவாணர்கள்தாம்.

இனி நான் எமனோவோடு வழக்காட வேண்டிய இடம். கோத்தர் கதைகளைச் சொன்னவர் யார்? பெரும்பகுதியைச் சொன்னவர் சுல்லி என்ற கோத்தர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்! ஆங்கிலம் அறிந்தவர். எமனோவுக்கு மட்டுமல்ல, அதே காலத்தில் கோத்தரை ஆராய வந்த டேவிட் மாண்டல்பாம் என்ற அமெரிக்க மானிடவியலாருக்கும் அவரே முதன்மைத் துணை. நீள்முடி வளர்த்து முடிவது கோத்த ஆடவர் மரபு. அந்த முடியை வெட்டிக்கொண்டு ஊராரின் சீற்றத்துக்கு ஆளானவர் சுல்லி. பழக்கம் என்பதற்காகவே ஒன்றைப் பின்பற்ற மாட்டேன் என்றவர். மாண்டல்பாம் 1960-இல் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். தன் மக்களின் சீர்திருத்தக்காரர் என்பது அதன் தலைப்பின் பொருள். ஈரோட்டில் ஒரு பெரியவர் மூடப்பழக்கத்தின்மீது போர் தொடுத்திருந்த அதே காலத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் எட்டும் தொலைவில் ஓர் ஆசிரியர் தன் ஊரில் அதே போரைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

எமனோ நேர்மையானவர், சுல்லியின் உதவியையும் கதை சொல்லும் ஆற்றலையும் மறைக்கவில்லை. மாண்டல்பாமும் மறைக்கவில்லை. என் வழக்கு அவர்களின் நேர்மையின்மீது அன்று. அவர்கள் தொழிலின் ஏற்பாட்டின்மீது. கதையைத் தெரிந்தவர், மொழியைத் தெரிந்தவர், சொல்லிச் சொல்லி எழுதவைத்தவர் தகவலாளர். கேட்டு எழுதியவர் ஆசிரியர். நெய்தவன் பெயர் துணியில் இல்லை, விற்றவன் பெயர் கரையில் இருக்கிறது என்பது கோவை மண்ணுக்குப் பழகிய செய்தி. ஆராய்ச்சி உலகிலும் அதுதான் நடைமுறை. நூல் கலிபோர்னியாவில் அச்சாகிறது. ஆங்கில விளக்கத்தோடு, ஒலிக்குறியீட்டில். சொன்னவரின் பேரன் அதைத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. கையில் கிடைத்தாலும் தன் பாட்டனின் கதையைப் படிக்க அவன் முதலில் மொழியியல் பட்டம் பெற வேண்டும்.

நம் கோவை மாவட்டத்துக்கே வருவோம். ஆனைகட்டியிலும் சிறுவாணிப் பக்கத்திலும் மேட்டுப்பாளையத்து மலையடிவாரத்திலும் வாழும் இருளர் பேசுவதைக் கீழ்நாட்டார் கொச்சைத் தமிழ் என்பர். செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் வேறு; அவர்கள் பேச்சு தமிழ். நீலகிரி, கோவை, அட்டப்பாடி மலைகளின் இருளர் பேச்சு தனிமொழி என்று காட்டியவர்கள் மூவர். செரார் டிஃப்லோத் 1968-இல் கலிபோர்னியாவில் ஆய்வுரை தந்தார். செக் நாட்டுக் கமில் சுவெலபில் 1973, 1979, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக நூல் வெளியிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெரியாழ்வார் 1978-இல் ஒலியனியலைச் சொற்றொகுதியோடு தந்தார். தமிழுக்கு மிக நெருங்கிய உறவு, ஆனால் தமிழின் சிதைவு அன்று. தனக்கென ஒலியமைப்பும் சொல்லமைப்பும் கொண்ட தென்திராவிட மொழி என்பதே முடிவு.

சிதைவு அன்று என்பதற்கு ஒரு சான்று. கொங்குநாட்டில் பெட்டியைப் பொட்டி என்கிறோம். பெண்ணைப் பொண்ணு என்கிறோம். பின்னால் வரும் டகர ணகரத்துக்காக நாக்கு மடங்கும்போது முன்னுள்ள எகரம் தன் இடத்தைவிட்டு நகர்கிறது. இது நமக்குப் பேச்சுப் பழக்கம், பொருள் மாறாது. இருள மொழியிலோ நாவின் நடுவில் பிறக்கும் உயிரொலிகள் தனி ஒலியன்களாகவே நிலைத்துவிட்டன. முன்னுயிரும் நடு உயிரும் மாறினால் சொல்லே மாறும். தமிழ் நெடுங்கணக்கில் அவற்றுக்கு எழுத்து இல்லை. ஆகவே இருளச் சிறுவன் சொல்வதைத் தமிழாசிரியர் தமிழ் எழுத்தின் காதால் கேட்கிறார், பிழையாகக் கேட்கிறது, பிழை அவன் வாயில் இருப்பதாக எழுதிவிடுகிறார்.

சுவெலபில் நூலின் மூன்றாம் பகுதியை நான் உயர்வாக மதிக்கிறேன். முதலிரு பகுதிகளில் மொழி உடற்கூறு செய்யப்பட்டுக் கிடக்கிறது. மூன்றாவதில்தான் இருளர் வாய்திறந்து பேசுகின்றனர், கதை சொல்கின்றனர். இலக்கணம் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் பலர். பேசியவனையும் பேசவிட்ட வகையில் சுவெலபில் பிறரினும் ஒருபடி மேலே நிற்கிறார். என்றாலும் முன்சொன்ன வழக்கு இங்கும் நிற்கிறது. ஜெர்மனியில் அச்சான அந்த நூலுக்கும் ஆனைகட்டிக்கும் இடையே கடல் மட்டுமா கிடக்கிறது?

மலையின் மறுபக்கம் அட்டப்பாடி. 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது இருள மொழியின் குறுக்கே கோடு விழுந்தது. இப்பக்கத்துக் குழந்தை தமிழ்ப் பள்ளிக்கும் அப்பக்கத்துக் குழந்தை மலையாளப் பள்ளிக்கும் போயின. அந்த அட்டப்பாடியின் நஞ்சியம்மா தன் தாய்மொழியில் பாடிய திரைப்பாடலுக்கு 2022-இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டது. நாடு மகிழ்ந்தது. கூடவே, முறைப்படி இசை பயிலாதவருக்கா விருது என்ற முணுமுணுப்பும் எழுந்தது. முறைப்படி! யாருடைய முறைப்படி? கால்டுவெல் பட்டியலின் பேரப்பிள்ளை அந்த முணுமுணுப்பு.

அரசின் கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இருள மொழி, தமிழ் என்ற தலைப்பின் கீழ் அடங்கிய தாய்மொழிகளுள் ஒன்று. படகர் மொழி கன்னடத்தின் கீழ். பத்தாயிரம் பேர் பேசாத மொழிகளைத் தனித்துக் காட்டுவதில்லை என்பது 1971 முதல் உள்ள முறை. ஆகவே தோடத்துக்கும் கோத்தத்துக்கும் பட்டியலில் இடமே இல்லை. உலக மொழியியல் நூல்களில் பெயர் பெற்ற மொழி, சொந்த நாட்டுக் கணக்கில் 'பிற'. போசுபுரியையும் இராசத்தானியையும் இந்தியின் கீழ் சேர்த்து இந்தியின் தலையெண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுகிறார்கள் என்று நாம் குறை கூறுகிறோம், சரியான குறைதான். அதே பேனா இருளரைத் தமிழின் கீழ் எழுதும்போது நாம் ஏன் வாளாவிருக்கிறோம்? சிலர் என்னிடம் சொல்வர்: பிரித்துச் சொன்னால் தமிழின் வலிமை குறையும் அல்லவா? பன்னிரண்டாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வளர வேண்டிய நிலையிலா தமிழ் இருக்கிறது!

இங்கே கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்த்து வருவது நன்று. எமனோ நீலகிரிக்குக் கொண்டுவந்த முறை அமெரிக்கத் தொல்குடி மொழிகளில் உருவானது என்றேன். அந்தக் கண்டத்தின் நடுவே, மெக்சிகோவின் தென்பகுதியிலும் குவாத்தமாலாவிலும் வாழ்பவர் மாயா மக்கள். முப்பதுக்கு அண்மையான மொழிகள். பேசுவோர் பல இலட்சம். நம் முன்னோர் கல்லில் எழுதியது போலவே எழுத்துக் கண்டு, கல்லில் வெட்டி, ஏட்டில் தீட்டியவர்கள். 1562-இல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அந்த ஏடுகளைச் சாத்தானின் பொய் என்று தீயிலிட்டார். இன்று எஞ்சியவை நான்கே. எரித்த அதே கையால் அவர் எழுதிவைத்த குறிப்பில் மாயா எழுத்துகள் சில இருந்தன. அவற்றைத் துணைகொண்டுதான் 1952-இல் சோவியத்து அறிஞர் கினோரசோவ் அவ்வெழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். ஏடும் எழுத்தும் எரிந்தபின் பேச்சு மட்டும் எஞ்சியது. எஞ்சியதை இசுபானியர் மொழி என்று கூறவும் மனமின்றிக் கிளைப்பேச்சு என்றனர். முதலில் ஏட்டை எரிப்பது, பிறகு ஏடில்லா மொழி என்று இகழ்வது!

அவர்களுடைய பாட்டிலும் இணைத்தொடர் உண்டு. கிச்சே மாயாவின் பழங்கதை நூலாகிய போப்பொல் வூ முழுவதும் இரண்டிரண்டாகச் சொல்லும் நடையில் அமைந்தது என்று மன்றோ எட்மன்சன் வாதிட்ட பதிப்பு 1971-இல் வந்தது. தோடர் பாடல்கள் நூல் வந்த அதே ஆண்டு. உறவில்லாத இரு மக்கள், கடல்களுக்கு இருபுறம், ஏட்டின் துணையின்றி நினைவில் நிறுத்த ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். இதைக் கண்டு வியக்கலாம். வேறு கதை கட்டி, மாயன் தமிழனே என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த வியாபாரம் நம்மிடையே நடப்பதை அறிவேன். சான்றின்றி உறவு கொண்டாடுவதும் பகுத்தறிவுக்குப் பகையே.

மாயா மக்கள் கற்றுத்தரும் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டு மொழியியலார் திரளாக வந்து ஆராய்ந்தனர். ஒரு கட்டத்தில் மாயா இளைஞர்கள் எழுந்து, உங்கள் ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பயன், எங்கள் மொழியை நாங்களே ஏன் ஆராயக் கூடாது என்று கேட்டனர். நோரா இங்லண்ட் என்ற அமெரிக்க மொழியியலார் அந்த வினாவைத் தட்டிக் கழிக்கவில்லை. வெளியார்க்குரிய கடமை யாது என்று 1992-இல் எழுதியே வைத்தார். அவர் துணையோடு 1990-இல் தொடங்கிய ஓக்மா என்ற குழுவில் மாயா இளைஞர்களே பயிற்சி பெற்றுத் தத்தம் மொழிக்கு இலக்கணம் எழுதினர்; அட்டையில் அவர்கள் பெயர். 1987-இல் மாயா மொழிகள் அனைத்துக்கும் பொது நெடுங்கணக்கு ஒப்புதல் பெற்றது. 1990-இல் மாயா மொழிகள் கழகம் சட்டத்தால் அமைந்தது. 2003-இல் மொழிச் சட்டம் வந்தது. அமைதி நிலவிய நாட்டில் இவை நடக்கவில்லை. 1996 வரை 36 ஆண்டு உள்நாட்டுப் போர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள் என்று 1999-இல் உண்மை அறியும் ஆணையம் அறிவித்தது.

போருக்கும் வறுமைக்கும் தப்பி வடக்கே அமெரிக்க நாட்டுக்குப் போன மாயா மக்களின் நிலை என்ன? அங்கே எல்லையில் அவர்களை நிறுத்தியவர்கள் இசுபானிய மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து முன்னே விட்டனர். வந்தவர் பேசுவது மாம், அல்லது கிச்சே, அல்லது கஞ்ஞோபால். எனக்கு இந்த மொழி விளங்கவில்லை என்று சொல்வதற்கும் அவரிடம் அந்த மொழி இல்லை. தலையசைத்தால் ஒப்புதல் என்று எழுதிக்கொள்வர். வழக்குகள் தேங்கித் தேங்கி, அண்மை ஆண்டுகளில்தான் அந்த நீதிமன்றங்கள் மாயா மொழிபெயர்ப்பாளரைத் தேடத் தொடங்கின.

தோழர்களே, திருப்பூரிலும் கோவையிலும் இது நடக்கவில்லையா? ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், வங்காளம், அசாம் என்று எங்கிருந்து வந்தாலும் பனியன் கம்பெனியிலும் பஞ்சாலையிலும் அவனுக்கு ஒரே பெயர்: இந்திக்காரன். லைன் வீட்டுக்காரர், மேஸ்திரி, கடைக்காரர், எல்லோருக்கும் அவன் இந்திக்காரன். ஜார்க்கண்ட் மலையிலிருந்து வருகிற ஓர் ஒராவோன் தொழிலாளியின் தாய்மொழி குரூக். 2011 கணக்கின்படி ஏறத்தாழ 20 இலட்சம் பேர் பேசும் மொழி. அந்த மொழியில் மூன்று என்பது மூந்த். நான்கு என்பது நாக். கண் என்பது, ககரத்தைத் தொண்டையில் உரசிச் சொன்னால், கன்ன். ஒடிசாவின் கந்தமால் மலைகளிலிருந்து வருகிறவன் பேசுவது குயி. இரண்டும் கால்டுவெல் பட்டியலில் உள்ளவை. ஒராவோன் என்றும் கூ என்றும் தேர்வில் எழுதினோமே, அவையே. திராவிட மொழி பேசும் ஒருவன், திராவிட மொழி பேசும் நாட்டுக்கு வேலை தேடி வருகிறான்; வந்தவனைப் பார்த்து, மொழியின் பெயரால் எழுந்த இயக்கத்தின் மண்ணில், இந்திக்காரன் என்கிறோம்! அவனுக்கு இந்தி அவன் ஊர்ப் பள்ளிக்கூடம் திணித்தது. இங்கு வந்தபின் நாம் அதை அவன் நெற்றியில் பச்சை குத்துகிறோம்.

பள்ளியில் பாடம் நடத்திப் பிழைக்கும் எனக்கு இது ஏட்டு வழக்காக இல்லை. மலையடிவாரப் பள்ளி ஒன்றில் முதல் ஆண்டு வேலை பார்த்தபோது, மூன்று வகுப்புகளில் வாயே திறக்காத இருளச் சிறுவன் ஒருவனைப் பற்றி மூத்த ஆசிரியரிடம் கேட்டேன். "அவுங்களுக்குத் தமிழே வராதுங்க, விட்டுடுங்க" என்றார். கெட்ட மனிதர் அல்லர். அந்தச் சிறுவனுக்குத் தன் கைக்காசில் செருப்பு வாங்கித் தந்தவர். உணவு இடைவேளையில் அதே சிறுவன் தன் தங்கையிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதை நான் நாள்தோறும் பார்த்தேன். மொழி வராத பிள்ளை அல்லன். இரண்டாம் மொழியில் முதல் பாடத்தைப் படிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட பிள்ளை. சென்னைக் கல்லூரியில் "ஏனுங்க" என்றதற்காகச் சிரிப்புக்கு ஆளான கொங்கு மாணவர்கள் நம்மில் உண்டு. அந்தச் சிரிப்பு எங்கே வலித்தது என்பது நினைவிருந்தால் இதையும் உணரலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மலைமக்களை அப்படியே விட்டுவையுங்கள், தொன்மை கெடாமல் காட்சிப்பொருளாக வையுங்கள் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. எருமைத் தொழுவைக் கோயிலாக்கிப் பெண்ணை அதன் அருகே வராதே என்னும் வழக்கத்தை, அது தோட மொழியில் அழகாகப் பாடப்படுகிறது என்பதற்காக நான் போற்றமாட்டேன். மொழி வேறு, மூடப்பழக்கம் வேறு. சுல்லி முடியை வெட்டினார், மொழியை வெட்டவில்லை. இருளச் சிறுவனுக்குத் தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். வேலைக்கும் வழக்கு மன்றத்துக்கும் அவை வேண்டும். அவற்றுக்குப் போகும் பாலத்தின் முதற்கல் அவன் தாய்மொழியாக இருக்கட்டும் என்பதே வேண்டுகோள். இது புதுக்கருத்தும் அன்று. தொடக்கப்பள்ளியில் சிறுபான்மை மொழியாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் அரசமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு சொல்கிறது. நாம் பின்தங்கிய மாநிலம் என்று கருதும் ஒடிசா, குயி, குவி, கோயா, சாந்தாலி உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை 2007-இல் தொடங்கியது. திருப்பூருக்கு ஆளனுப்பும் மாநிலத்திடமிருந்து இந்த ஒன்றையும் நாம் வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டரசு வாளாவிருக்கவில்லை. 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் முதலான மக்களின் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் என்று அறிவித்தது, பாராட்டுக்குரிய அறிவிப்பு. அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்ட ஐவரில் இருளர் இல்லை. முதலான என்ற சொல்லுக்குள் அவர்கள் இருப்பார்கள் என்று நம்புவோம். ஆவணம் என்றால் என்ன என்பதில்தான் எனக்குக் கவலை. ஒலிப்பதிவு செய்து, குளிரூட்டிய அறையில் பேழைக்குள் வைத்துப் பூட்டுவதும் ஆவணம்தான். எமனோவின் ஆயிரம் பக்கமும் ஆவணம்தான். இன்று இருளர் பதிகளிலும் கோத்தர் ஊர்களிலும் கல்லூரி கண்ட இளைஞர்கள் உள்ளனர். அவர்களுக்கு ஓராண்டு மொழியியல் பயிற்சி தருவதற்கு அண்ணாமலைநகரில் ஆசிரியர்கள் உண்டு. குவாத்தமாலாவில் செய்ததை இங்கே செய்ய முடியாது என்பதற்குக் காரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. அப்படிப் பயின்ற ஒருவர் நடு உயிர்களுக்குத் தமிழ் எழுத்தின்மேல் ஒரு புள்ளியோ கோடோ வைத்து, ஒன்றாம் வகுப்புக்கு முப்பது பக்கத்தில் ஒரு வாசிப்பு நூல் எழுதட்டும். அந்த நூலின் அட்டையில் எவர் பெயர் அச்சாகிறது, அந்த வேலைக்குரிய சம்பளப் பட்டியலில் எவர் பெயர் வருகிறது என்பதைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.